குழாய், ஸ்பிரிங், ஆணி

இந்த வாரம் விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பது நாவலும் இல்லை, சினிமாவும் இல்லை. கவிதைத் தொகுப்பு சத்தியமாக இல்லை. 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டம். மொத்தம் 46 பிரிவுகள். 1962 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. நடுவில் சில திருத்தங்கள், கடைசியாகப் பெரிய திருத்தம் 2019-ல்.

‘சட்டத்தைப் போய் விமர்சனம் பண்ணுவதா, அதுக்குத்தான் வக்கீல்கள் இருக்காங்களே’ என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நாவலில் ஒரு வார்த்தை சரியில்லை என்றால் உங்களுக்கு ஒரு கொட்டாவி வரும், அவ்வளவுதான். சட்டத்தில் ஒரு வார்த்தை சரியில்லை என்றால் யாரோ ஒருத்தர் வீட்டில் சில மாசம் அடுப்பு எரியாது. அதனால் நாவலைவிடச் சட்டத்தைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் படிக்க வேண்டும்.

முதல் கேள்வி ரொம்பச் சாதாரணமானது. துப்பாக்கி என்றால் என்ன?

சட்டத்தின் 2-வது பிரிவு பதில் சொல்கிறது. வெடிமருந்தின் வேகத்திலோ வேறு சக்தியாலோ ஒரு பொருளை எய்வதற்கென்று வடிவமைத்த, அல்லது அதற்காக மாற்றியமைத்த ஆயுதம். சரிதானே? இதோடு நிறுத்தியிருந்தால் யாருக்கும் புரியும். ஆனால் அதற்கு அடுத்து ஒரு ‘உள்ளிட்ட’ வருகிறது. சத்தத்தையும் தீப்பொறியையும் குறைக்கிற துணைக்கருவிகள் உள்ளிட்ட, துப்பாக்கியின் பாகங்கள் உள்ளிட்ட, அந்தப் பாகங்களைச் செய்கிற இயந்திரங்கள் உள்ளிட்ட... தோட்டாவுக்கும் இதே கதைதான். தோட்டாவின் பாகமும் தோட்டா. தோட்டா செய்கிற மெஷினும் தோட்டா. மத்திய அரசு அறிவிக்கை போட்டால் தோட்டாவின் மூலப்பொருளும் தோட்டா.

மிலிந்தன் என்ற கிரேக்க ராஜாவுக்கும் நாகசேனர் என்ற பௌத்தத் துறவிக்கும் நடந்ததாக ஒரு பழைய உரையாடல் உண்டு. ‘மிலிந்த பன்ஹா’ என்ற பாலி நூலில் இருக்கிறது. நீங்கள் ஏறி வந்த ரதத்தில் எது ரதம், அச்சா, சக்கரமா, நுகத்தடியா என்று துறவி கேட்கிறார். எதுவும் இல்லை என்று ராஜா முழிக்கிறார். எல்லாம் ஒன்று கூடியிருக்கும்போது நாம் வைக்கிற பேர்தான் ரதம் என்று பேச்சு முடிகிறது. நம்ம ஆயுதச் சட்டம் நாகசேனருக்கு நேர் எதிர்க்கட்சி. அச்சும் ரதம், சக்கரமும் ரதம், கடையாணியும் ரதம்.

தத்துவம் இருக்கட்டும். ஒரு ஊரில் வைத்துப் பார்த்தால்தான் இதன் எடை தெரியும். மதுரையிலிருந்து அருப்புக்கோட்டை போகிற ரோட்டில் காரியாபட்டி. வானம் பார்த்த பூமி. மழை பெய்தால் மக்காச்சோளம், பருத்தி. பெய்யாவிட்டால் இருக்கவே இருக்கிறது சீமைக்கருவேலம், வெட்டிக் கரி மூட்டம் போடலாம். இங்கே ஒரு கொல்லுப்பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். பட்டறையும் ஆளும் என் கற்பனை. சட்டம் மட்டும் நிஜம்.

பட்டறைக்கு ஒருத்தர் வருகிறார்.

“அண்ணே, இந்த வில்லு ஒடிஞ்சு போச்சு. இதே மாதிரி ஒண்ணு அடிச்சுக் குடுங்க.”

“எதுல உள்ளது தம்பி?”

“மோட்டார் ரூம் பூட்டுல உள்ளதுண்ணே.”

பூட்டில் உள்ளதாகவும் இருக்கலாம். நாட்டுத் துப்பாக்கியின் குதிரைக்கு அடியில் இருக்கிற ஸ்பிரிங்காகவும் இருக்கலாம். முன்வாய் வழியாக மருந்தும் ரவையும் போட்டு இடிக்கிற ஒற்றைக்குழல் துப்பாக்கி, போலீஸ் பாஷையில் எஸ்.பி.எம்.எல். அதில் இருப்பது ஒரு இரும்புக் குழாய், ஒரு மரக்கட்டை, ஒரு குதிரை, ஒரு விசை, ஒன்றிரண்டு ஸ்பிரிங், நாலைந்து திருகாணி. தனித்தனியாகப் பார்த்தால் பாதிச் சாமான் நம் வீட்டுப் பரணிலேயே கிடக்கும். அந்த வில்லு எதில் போய்ச் சேர்கிறது என்பதை வைத்துத்தான் அது பூட்டா, துப்பாக்கியா என்று முடிவாகிறது. அதை அடித்துக் கொடுத்தவர் ஆசாரியா, ஆயுத உற்பத்தியாளரா என்பதும் அதை வைத்துத்தான்.

இது சட்டம் எழுதினவர்களுக்கும் தெரியாமல் இல்லை. அதனால் கடைசிப் பக்கத்தில், 45-வது பிரிவில், ஒரு ஜன்னல் வைத்திருக்கிறார்கள். ஆயுதத்தின் அல்லது தோட்டாவின் சிறு பாகங்களை ஒருவர் வாங்குவதும், வைத்திருப்பதும், எடுத்துப்போவதும் இந்தச் சட்டத்துக்குள் வராது. ஒரே நிபந்தனை, தன்னிடமோ இன்னொருவரிடமோ இருக்கிற மற்ற பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் நோக்கம் இருக்கக் கூடாது.

நல்ல ஜன்னல். காற்று வரத்தான் செய்கிறது. விமான நிலையத்தில் பெட்டிக்குள் ஒரே ஒரு தோட்டாவோடு மாட்டிக்கொள்கிறவர்கள் இந்த நாட்டில் அடிக்கடி உண்டு. அப்பாவின் பழைய பை, மாமனாரின் பழைய சூட்கேஸ் என்று ஏதாவது ஒரு காரணம். டெல்லி உயர் நீதிமன்றம் 2012-லும் 2014-லும் அப்படிப்பட்ட வழக்குகளை ரத்து செய்தது. துப்பாக்கியே கையில் இல்லாதபோது ஒற்றைத் தோட்டாவால் ஒன்றும் ஆகாது என்று 2012 தீர்ப்பில் இந்த 45-வது பிரிவைத்தான் பிடித்துக்கொண்டார்கள். அதற்கு வெகு முன்பே, 1972-ல், சுப்ரீம் கோர்ட் ஒரு அடிப்படையைச் சொல்லிவிட்டது. ஒரு பொருள் நம் வசம் இருக்கிறது என்றால் அது இருப்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். தெரியாமல் பையில் கிடந்தது ‘வைத்திருந்தது’ ஆகாது.

இப்போது விமர்சகனின் வேலை. ஜன்னலைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள்.

முதல் குறை, ‘சிறு பாகம்’ என்றால் எது? சட்டத்தில் விளக்கப் பிரிவு என்று ஒன்று இருக்கிறதே, துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் அவ்வளவு நீளமாக விளக்கம் சொன்ன 2-வது பிரிவு, அதில் இதற்கு விளக்கம் இல்லை. திருகாணி சிறு பாகம், சரி. ஸ்பிரிங்? விசை? குழாய் பெரிய பாகம் என்று நமக்கே தெரியும். பாதி நீளக் குழாய்? முழுத் தோட்டாவே சிறு பாகம்தான் என்று சொல்ல ஒரு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது. உயர் நீதிமன்றம் வரை போக வக்கீல் ஃபீஸும் சில வருஷமும் தேவைப்படும். டெல்லியில் விமானம் ஏறுகிறவருக்கு இரண்டும் இருக்கும். பட்டறைக்காரருக்கு?

இரண்டாவது குறைதான் என்னை இந்தப் பக்கத்தை எழுத வைத்தது. 45-வது பிரிவின் வினைச்சொற்களை எண்ணுங்கள். வாங்குவது, வைத்திருப்பது, எடுத்துப்போவது. மூன்றுதான். ‘செய்வது’ இல்லை. ‘பழுது பார்ப்பது’ இல்லை. ஆனால் லைசென்ஸ் இல்லாமல் செய்யக் கூடாதவற்றைப் பட்டியல் போடுகிற 5-வது பிரிவில் செய்வது, விற்பது, மாற்றுவது, பழுது பார்ப்பது எல்லாம் வரிசையாக இருக்கின்றன. அதாவது, வில்லை வாங்கிப் போனவரின் நோக்கத்தைச் சட்டம் விசாரிக்கிறது. அடித்துக் கொடுத்தவருக்கு அந்த ஜன்னல் திறக்கவில்லை.

இன்னும் ஒன்று. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததாக 3-வது பிரிவில் வழக்குப் போட வேண்டுமானால் மாவட்ட மாஜிஸ்திரேட்டின் முன் அனுமதி வேண்டும் என்கிறது 39-வது பிரிவு. போலீஸுக்கு மேலே ஒரு கண் பார்க்கட்டும் என்ற ஏற்பாடு. அந்தக் கண்ணும் 3-வது பிரிவுக்கு மட்டும்தான். 5-வது பிரிவுக்கு அது இல்லை. ‘எனக்குத் தெரியாதுங்க, பூட்டு ஸ்பிரிங்னுதான் சொன்னாரு’ என்று பட்டறைக்காரர் கோர்ட்டில் வாதாடலாம். ஜெயிக்கவும் செய்யலாம். ஆனால் கோர்ட் என்பது கடைசி ஸ்டாப். அதற்கு முன்னால் ஸ்டேஷன், ரிமாண்ட், ஜாமீன் என்று பல ஸ்டாப்புகள் இருக்கின்றன.

எதிர்த் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். பாகங்களையும் துப்பாக்கி என்று சொல்லாவிட்டால் என்ன ஆகும்? பீகாரில் முங்கேர் என்று ஒரு ஊர். 18-ம் நூற்றாண்டில் வங்காள நவாப் மீர் காசிம் அங்கே ஆயுதத் தொழிற்சாலை வைத்தார். கைவேலை அப்படியே ஊரில் தங்கிவிட்டது. லைசென்ஸ் உள்ள பட்டறைகளும் உண்டு, இல்லாதவையும் உண்டு. முக்கால்வாசி முடித்த பிஸ்டல்கள் மேற்கு வங்காளத்துக்குப் போய் அங்கே முழுசாவதைப் போலீஸ் பலமுறை பிடித்திருக்கிறது. ‘சார், இது துப்பாக்கி இல்லை, வெறும் இரும்பு’ என்று அவர்களும் சொல்லத்தான் செய்வார்கள். அதனால் வலையை அகலமாக வீசியதில் அர்த்தம் இருக்கிறது. என் புகார் வலையின் அகலத்தைப் பற்றியது இல்லை, கண்ணியின் அளவைப் பற்றியது. அயிரைக்கும் விராலுக்கும் ஒரே கண்ணி.

மற்ற தேசங்களில் என்ன செய்கிறார்கள்? அமெரிக்கா நமக்கு நேர் எதிர் வழியில் போயிற்று. அவர்களுடைய 1968 சட்டம் துப்பாக்கியின் உடல் சட்டகத்தை மட்டும் ‘துப்பாக்கி’ என்று வைத்துக்கொண்டது. அதில்தான் நம்பர் அடிக்க வேண்டும், அதை விற்கத்தான் லைசென்ஸ். குழாய், விசை, ஸ்பிரிங் போன்ற மிச்சச் சாமான்களில் பெரும்பாலானவற்றைத் தபாலிலேயே வாங்கலாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? சட்டகத்தையே முக்கால்வாசி செய்து, ‘இது இன்னும் சட்டகம் ஆகவில்லை, மிச்ச ஓட்டையை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்’ என்று பெட்டியில் போட்டு விற்றார்கள். நம்பர் இல்லை, பேர் இல்லை, கணக்கு இல்லை. அதற்குப் பேய்த் துப்பாக்கி என்று பேர் வந்தது.

2022-ல் அந்த அரசாங்கம், எளிதில் முழுமையாக்கக் கூடிய பெட்டியும் துப்பாக்கிதான் என்று விதி போட்டது. வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2025 மார்ச் 26-ல் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் விதி நின்றது. தீர்ப்பு எழுதியவர் நீதிபதி நீல் கோர்சச். வழக்கில் வந்த ஒரு பெட்டியை 21 நிமிஷத்தில் துப்பாக்கியாக்கிவிடலாம் என்ற தகவல் தீர்ப்பில் இருக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்தது அவர் சொன்ன உதாரணங்கள். ஓர் எழுத்தாளர் முடிக்காத கைப்பிரதியை உங்களிடம் கொடுத்து ‘என் நாவல்’ என்கிறார், யாரும் சண்டைக்குப் போவதில்லை. பூட்டாத பலகைகளாக வீட்டுக்கு வந்த மேஜையையும் மேஜை என்றுதான் சொல்கிறோம். முடிக்காத நாவல்கள் பற்றி ஒரு துப்பாக்கி வழக்கில் பேசுகிற நீதிபதியை எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் பிடிக்கும்.

ஆனாலும் இந்த முடிவு எல்லாவற்றையும் தீர்த்துவிடவில்லை. 2013-ல் கோடி வில்சன் என்ற அமெரிக்க இளைஞர் முப்பரிமாண பிரின்டரில் ஒரு பிளாஸ்டிக் கைத்துப்பாக்கி செய்து காட்டினார். அதில் தோட்டாவின் பின்பக்கத்தை அடிக்கிற ஊசி என்ன தெரியுமா? ஹார்டுவேர் கடையில் கிடைக்கிற சாதா ஆணி. எந்தச் சட்டம் ஆணிக்கு லைசென்ஸ் போடும்?

பிரிட்டன்காரர்கள் கொஞ்சம் புத்திசாலித்தனமாக யோசித்தார்கள். ‘பாகம்’ என்று விளக்கமில்லாமல் கிடந்த வார்த்தைக்கு 2017-ல் சட்டத்திலேயே பட்டியல் போட்டார்கள். குழாய், அறை அல்லது உருளை. உடல் சட்டகம். வெடிக்கும்போது பின்பக்கம் அழுத்தம் தாங்குகிற அடைப்பு. இந்த மாதிரிச் சாமான்கள்தான் கணக்கு. அதாவது வெடியின் அழுத்தத்தைத் தாங்குகிறதும், துப்பாக்கியின் உடம்பாக இருக்கிறதும். ஸ்பிரிங்கும் திருகாணியும் அந்தப் பட்டியலில் கிடையாது. ஐ.நா.வின் 2001 துப்பாக்கி நெறிமுறையும் ஏறக்குறைய இதே வழியில், துப்பாக்கிக்கென்றே வடிவமைத்த, அது இயங்க அத்தியாவசியமான பாகங்கள் என்று பேசுகிறது.

‘நமக்கெதுக்கு சார் லண்டன் கதை’ என்கிறீர்களா? நம்மிடமே ஒரு நல்ல மாதிரி இருக்கிறது. அரிவாள். திருப்பாச்சேத்தி அரிவாள் என்றால் தெற்கே தெரியாத ஆள் இல்லை. அதே ஆயுதச் சட்டத்தின் விதிகளில் வாள், கத்தி, ஈட்டி வகைகளுக்கு ஓர் அளவு சொல்லியிருக்கிறார்கள். அலகு 9 அங்குல நீளத்துக்கு மேல், அல்லது 2 அங்குல அகலத்துக்கு மேல். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் என்று செய்தது அதில் சேராது. குறைகள் உண்டு. ஆனால் பட்டறைக்காரர் கையில் ஒரு ஸ்கேல் இருக்கிறது. திருவிழாவில் பலூன் சுடுகிற ஏர்கன்னுக்குக்கூட 2016 விதிகளில் 20 ஜூல் சக்தி, 0.177 அங்குலத் துளை என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அளந்து பார்க்கலாம். ஸ்பிரிங்குக்கும் திருகாணிக்கும் மட்டும் சட்டத்தில் அளவுகோல் இல்லை. ‘சிறு’ என்று ஒரு சொல், ‘நோக்கம்’ என்று இன்னொரு சொல். முடிந்தது.

இதில் நிஜமாகவே சிக்கிக்கொள்கிறவர் யார் என்று பார்த்தால் விவசாயி. திருச்சுழி, காரியாபட்டிப் பக்கம் மக்காச்சோளம் போட்டவர்களிடம் காட்டுப்பன்றி பற்றிக் கேட்டுப் பாருங்கள். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் ஒரு ராத்திரி ஒரு கூட்டம் இறங்கினால் போதும். அந்த வருஷக் கணக்கு முடிந்தது.

சட்டம் அவரை மறந்துவிடவில்லை. 13-வது பிரிவில், உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக முன்வாய்த் துப்பாக்கி கேட்டால் லைசென்ஸ் வழங்க வேண்டும் என்றே எழுதியிருக்கிறது. அடுத்த 14-வது பிரிவில் பொது அமைதி, பொதுப் பாதுகாப்பு என்ற காரணங்களைச் சொல்லி மறுக்கவும் வழி வைத்திருக்கிறது. கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். தேர்தல் அறிவித்தால் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சரி, தேர்தல் இல்லாத வருஷம், பன்றி வந்தாயிற்று. சுடலாமா? கூடாது. பன்றி 1972 வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கிறது, சுட வேண்டுமானால் வனத்துறை அனுமதி வேண்டும். 2025 ஜனவரியில் தமிழக அரசு, காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் தாண்டி வருகிற பன்றிகளைச் சுட அனுமதித்தது. சுடுவது வனத்துறை ஆட்கள்தான். ஆக, பயிரைக் காக்க ஒரு சட்டம் துப்பாக்கி கொடுக்கிறது. இன்னொரு சட்டம் அதை வெறும் வேட்டுச் சத்தமாக்கிவிடுகிறது.

அந்தத் துப்பாக்கியின் ஸ்பிரிங் ஒடிந்தால்? கதை மறுபடியும் பட்டறைக்கு வருகிறது. லைசென்ஸ் உள்ள துப்பாக்கியாகவே இருந்தாலும், பழுது பார்க்கிறவருக்குத் தனி லைசென்ஸ் வேண்டும். உள்ளூர் ஆசாரி தொடக் கூடாது. நாட்டுப் பட்டறையில் பிறந்த ஒரு கருவியை விவசாயிக்கு ஏற்றது என்று சட்டமே தேர்ந்தெடுக்கிறது. அதை ஒக்கிட்டுக் கொடுக்கத் தெரிந்த கையை அதே சட்டம் சந்தேகப்படுகிறது.

இந்தச் சந்தேகம் பழசு. மருது சகோதரர்களைத் தூக்கிலிட்ட கையோடு, 1801 டிசம்பர் 1-ல், சென்னை கவர்னர் கிளைவ் பிரபு ஒரு பிரகடனம் வெளியிட்டு இந்தத் தெற்குச் சீமையில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தார். ராமநாதபுரம், சிவகங்கை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு அன்றைக்கு மேலேயிருந்து ஒரு பார்வை விழுந்தது. 1878-ல் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம் அதே பார்வையை நாடு முழுக்கப் பரப்பியது. 1959 சட்டம் சுதந்திர நாட்டின் சட்டம், அதைவிட எவ்வளவோ நியாயமானது. பயிர்க்காரனுக்கு ஒரு பிரிவு, சிறு பாகத்துக்கு ஒரு ஜன்னல் எல்லாம் அந்த நியாயத்தின் அடையாளங்கள்தான். ஆனால் இரும்பைத் தொடுகிற கையைப் பற்றிய பழைய பயம் அந்த ‘உள்ளிட்ட’வுக்குள் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

2019-ல் சட்டத்தைத் திறந்தார்களே, அப்போது இதைச் சரி செய்திருக்கலாம். என்ன செய்தார்கள்? தண்டனையை ஏற்றினார்கள். லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் ஒன்று முதல் மூன்று வருஷம் என்று இருந்ததை இரண்டு முதல் ஐந்து வருஷம் ஆக்கினார்கள். லைசென்ஸ் இல்லாமல் செய்தால், பழுது பார்த்தால், மூன்று முதல் ஏழு வருஷம் என்று இருந்தது குறைந்தபட்சம் ஏழு வருஷம், அதிகபட்சம் ஆயுள் என்று ஆயிற்று. கள்ளத் துப்பாக்கித் தொழிற்சாலை நடத்துகிறவருக்கு இந்தத் தண்டனை வேண்டியதுதான், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் தராசின் ஒரு தட்டில் ஆயுள் தண்டனையை வைத்துவிட்டு, மறு தட்டில் ‘சிறு’ என்ற அளவில்லாத படிக்கல்லை அப்படியே விட்டுவிட்டார்களே, அதுதான் ஆட்சேபணை.

என்ன செய்யலாம்? பெரிய புரட்சி ஒன்றும் வேண்டாம். மூன்று வரி போதும். குழாய், உடல் சட்டகம், பின் அடைப்பு, சத்தம் குறைக்கிற கருவி ஆகியவை முக்கிய பாகங்கள், முடித்திருந்தாலும் முடிக்காவிட்டாலும் துப்பாக்கிதான் என்று சட்டத்திலேயே ஒரு பட்டியல். முங்கேர்காரர் தப்ப முடியாது. மற்றவை சிறு பாகங்கள், துப்பாக்கிக்கு என்று தெரிந்தே செய்ததை அரசுத் தரப்பு காட்டினால் மட்டும் குற்றம் என்று இரண்டாவது வரி. 39-வது பிரிவின் முன் அனுமதி, சிறு பாகம் செய்தவருக்கும் உண்டு என்று மூன்றாவது வரி.

புத்தக விமர்சனத்தில் கடைசியில் ‘வாங்கலாமா’ என்று சொல்ல வேண்டும். இதை நீங்கள் வாங்க வேண்டியதில்லை, ஏற்கெனவே உங்கள் மேல் அமலில் இருக்கிறது. ஒரே ஒரு பரிந்துரை. 2-வது பிரிவையும் 5-வது பிரிவையும் 45-வது பிரிவையும் அடுத்தடுத்து வைத்து ஒருதரம் படித்துப் பாருங்கள். அப்புறம் உங்கள் தொகுதி எம்.பி. ஓட்டுக் கேட்டு வரும்போது, ‘ஸ்பிரிங் சிறு பாகமா, பெரிய பாகமா?’ என்று கேளுங்கள். அவருக்குப் பதில் தெரியாது. ராத்திரி ரெண்டு மணிக்கு எஃப்.ஐ.ஆர். எழுதுகிற ஏட்டய்யாவுக்கும் தெரியாது. ஆனால் அவர் ஏதாவது ஒன்றை எழுதித்தான் ஆக வேண்டும்.